ஆறின செய்தியைக் கொண்டுபோங்கள்: வகுப்பில் நாளிதழை வைத்து யோசிக்கப் பழக்குவது எப்படி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், அன்று காலையில் வந்த ஓர் அரசியல் செய்தியைக் கையோடு வகுப்புக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அலசுவார்கள் என்று நினைப்பு. பத்தாவது நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்று கையை நீட்டிப் பேசுகிறான், முன் பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் தட்டுகிறார். அந்த ஐம்பது நிமிடத்தில் ஒருவர்கூடத் தன் எண்ணத்தை இம்மியும் மாற்றிக்கொள்ளவில்லை, என்னையும் சேர்த்து.

பிறகு பல வருடம் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்து, இப்போது ஒரு மாதிரி கைக்கு வந்திருக்கிறது. புதிதாக வரும் உதவிப் பேராசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பதால் வரிசையாக எழுதுகிறேன். இதற்கென்று பாடத்திட்டத்தில் தனிப் பாடம் வேண்டாம். புரொஜெக்டர் வேண்டாம். செய்தித்தாள், ஜெராக்ஸ், துண்டுச் சீட்டு இருந்தால் போதும்.

முதலில் பெயரைப் பற்றி. பாடத்திட்டத்தில் ‘விமர்சனச் சிந்தனை’ என்று போட்டிருப்பார்கள். நம் ஊரில் விமர்சனம் என்றால் குறை சொல்வது என்றுதான் அர்த்தம். ‘இந்தச் செய்தியை விமர்சனமாப் பாருங்க’ என்று சொன்னால், ‘எல்லாம் பொய் மேடம், காசு வாங்கிட்டு எழுதுறாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதையும் நம்புகிறவரும் எதையுமே நம்பாதவரும் ஒரே வேலையிலிருந்துதான் தப்பிக்கிறார்கள்: இது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பார்க்கும் வேலை. அதனால் ‘உண்மையா பொய்யா’ என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். ‘பத்துக்கு எத்தனை நம்புவீங்க? ஏழுன்னா ஏன் ஏழு, ஏன் ஒன்பது இல்ல?’ இந்த ஒரு கேள்விதான் செமஸ்டர் முழுக்க. கீழே வரும் எல்லாமே இதன் பயிற்சிகள்.

நேரம்: வாரம் ஒருமுறை 20 நிமிடம். போர்ஷன் முடிக்கவில்லை என்று யாரும் உங்களைப் பிடிக்க முடியாத அளவு. உங்கள் பாடத்தோடு ஒட்டும் செய்தியாக இருக்கட்டும். புள்ளியியல் என்றால் கருத்துக்கணிப்பு, புவியியல் என்றால் மழை, தமிழ் என்றால் தலைப்பு மொழி, வணிகவியல் என்றால் தங்கம் விலை. ‘பொது அறிவுக்காக’ என்று தனியாகத் தொங்கும் பயிற்சியை மாணவர்களே மதிக்க மாட்டார்கள்.

எந்தச் செய்தி

அன்றைய செய்தி வேண்டாம். பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். சூடான செய்தியில் எல்லாருக்கும் பக்கம் மட்டும்தான் இருக்கும், தகவல் இருக்காது. பத்து நாளில் மறுப்பு வந்திருக்கும், திருத்தம் வந்திருக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கும். முதல் நாள் வந்ததையும் பத்தாம் நாள் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

அதைவிட நல்லது, பதில் வரப்போகிற செய்தி. மழை வரும் என்கிறார்கள், இத்தனை இடம் ஜெயிப்பார்கள் என்கிறார்கள், விலை இறங்கும் என்கிறார்கள். மாணவர்கள் இன்றைக்கு எழுதித் தந்துவிட்டால் காலமே பேப்பர் திருத்திக் கொடுத்துவிடும், நாம் நீதிபதியாக உட்கார வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியவை: உள்ளூர் மரணம், சாதித் தகராறு, காதல் விவகாரம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் யாரோ ஒருவருக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் செய்தியாக இருக்கும், உங்களுக்குத் தெரியாது. கட்சி அரசியல் ஆறு வாரத்துக்குப் பிறகு வரட்டும். படிக்கும்போது உங்களுக்கே ரத்தம் கொதிக்கிற செய்தியையும் ஒதுக்கிவையுங்கள். உங்கள் முகமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வாரம்: லீவு மெசேஜ்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மாணவர்களைப்போல் செய்தியைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் உலகத்தில் இல்லை. ‘கனமழை காரணமாக நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை’ என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். அதை எப்படி நம்புவீர்கள், எப்படிச் சந்தேகப்படுவீர்கள் என்று கேளுங்கள். நான் வாயே திறக்க வேண்டியிருக்காது. ‘தேதி போட்டிருக்கான்னு பாப்போம். போன வருஷ மெசேஜையே திருப்பி விடுவாங்க.’ ‘மாவட்டம் பேரு பாக்கணும் மேடம்.’ ‘ஸ்கூலுக்கு மட்டுமா காலேஜுக்கும் சேத்தா?’ ‘கலெக்டர் பேஜ்ல போட்டிருக்காரான்னு பாப்பேன்.’ ‘வேற காலேஜ்ல இருக்கிற ஃப்ரெண்டுக்குப் போன் அடிப்பேன்.’

சொல்லச் சொல்ல அவர்கள் வார்த்தையிலேயே போர்டில் எழுதுங்கள். தேதி, இடம், யாருக்குப் பொருந்தும், மூலம் எது, வேறு வழியில் உறுதிசெய்ய முடியுமா. ஆங்கிலப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வது இதைத்தான். தனக்கு லீவு கிடைக்குமா என்கிற விஷயத்தில் இவ்வளவும் செய்கிறவர்கள், அடுத்தவர் மானம் போகும் செய்தியை ஒரு தட்டில் ஃபார்வேர்டு செய்கிறார்களே, ஏன்? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு அன்றைக்கு வகுப்பை முடித்துவிடுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

ஒரு செய்முறைக் குறிப்பு. பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ‘பத்துக்கு எத்தனை’ என்ற தன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துவிட வேண்டும். கை தூக்கச் சொன்னால் எல்லாரும் முதல் பெஞ்சு முதல் மார்க்காரியைத் திரும்பிப் பார்ப்பார்கள். எழுதியபிறகு பேச்சு, பேசியபிறகு அதே சீட்டில் இரண்டாவது எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம்: யார் சொன்னது?

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நாளிதழில் வந்ததை ஜெராக்ஸ் எடுங்கள். தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு ஒரு செட் போதும், அறுபது பேருக்குப் பதினைந்து செட். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். செய்தியாளர் கண்ணால் பார்த்தது அல்லது ஆவணத்தில் படித்தது என்றால் நேர்கோடு. பெயரோடு ஒருவர் சொன்னது என்றால் இரட்டைக் கோடு. யார் சொன்னார்கள் என்றே தெரியாதது என்றால் வளைகோடு.

வளைகோடு எவ்வளவு விழுகிறது என்று பார்த்து மாணவர்களே அசந்துபோவார்கள். ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘தகவல்கள் வெளியாகியுள்ளன’. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் கம்பீரமாக நிற்கும். பேச்சுக்கு இது அழகு, செய்திக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம். கூறியவர் யார், யாருக்குத் தெரிந்தது?

இங்கே அவசரப்பட வேண்டாம். ‘கூறப்படுகிறது’ என்று வந்தாலே பொய் என்று மாணவர்கள் பூஜ்யம் போடத் தொடங்குவார்கள். பல நேரம் அது செய்தியாளரின் நேர்மை. ‘நான் இன்னும் உறுதிசெய்யவில்லை’ என்பதைத்தான் அந்த ஒரு சொல்லில் சொல்கிறார். பூஜ்யமும் வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். நாலா, அஞ்சா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

அடுத்து வினைமுற்று. போர்டில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: ‘குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து மூன்று மாதமாகிறது என்று அதிகாரி ______.’ கோடிட்ட இடத்தில் கூறினார், தெரிவித்தார், ஒப்புக்கொண்டார், மழுப்பினார், பெருமிதம் தெரிவித்தார் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தகவல் ஒன்றுதான். ‘ஒப்புக்கொண்டார்’ என்றதும் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். தமிழ்த் துறை ஆசிரியர்கள் இதைச் செய்தால் இலக்கணமும் நடந்தமாதிரி இருக்கும்.

நேரமிருந்தால் ‘மர்மக் காய்ச்சல்’. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தமிழ்நாட்டில் எங்காவது ஓர் ஊரில் மர்மக் காய்ச்சல் வந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அல்லது வந்ததை யாரும் போய்க் கேட்கவில்லை. மர்மம் காய்ச்சலில் இருக்கிறதா, செய்தியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரம்: ஓர் எண்ணைத் திருப்பிப் போடுவது

பிளஸ் டூ தேர்வு முடிவு நல்ல சரக்கு. எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 2024-ல் தமிழ்நாட்டில் தேர்ச்சி 94.56 சதவீதம், 2025-ல் 95.03. ‘தேர்ச்சி விகிதம் அதிகரிப்பு’ என்பது தலைப்பு. அதிகரித்தது 0.47. சரி, எதைத் தெரிந்துகொண்டால் இந்த உயர்வுக்கு ஓர் அர்த்தம் வரும்? தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ அப்படி நின்றிருப்பார்கள்.

பிறகு 2025-ன் இன்னொரு வரி: மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. வழக்கமான தலைப்பு, ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகம்’. வகுப்பும் ‘பொண்ணுங்க உக்காந்து படிப்பாங்க மேடம்’ என்று முடித்துவிடும். இப்போது எண்ணைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். தேர்ச்சி பெறாதவர்கள்: மாணவிகளில் 3.30, மாணவர்களில் 6.84. இரண்டு மடங்குக்கும் மேல். ‘மூன்றரைப் புள்ளி வித்தியாசம்’ என்றால் கொட்டாவி விடுகிறவர்கள், ‘ஃபெயில் ஆனதில் இரண்டு மடங்கு’ என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இரண்டும் அதே கணக்கு, இரண்டும் உண்மை. இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு அமைதியான தலைப்பும் மறு குழு பகீர்த் தலைப்பும் எழுதட்டும். பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. பொய்யே சொல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்கள் கையாலேயே கண்டுபிடிப்பார்கள்.

நான்காம் வாரமும் ஐந்தாம் வாரமும்: விவேக்

இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார்.

பின்கதை எதையும் சொல்லாமல், ‘15-ம் தேதி ஊசி, 17-ம் தேதி மரணம், ஊசிதான் காரணம்’ என்பதற்குப் பத்துக்கு எத்தனை என்று சீட்டு எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஆறு, ஏழு என்று வருகிறது. வீட்டுக் கதைகளும் வரும். ‘எங்க பாட்டி அதுக்கப்புறம் ஊசி போட்டுக்கவே மாட்டேன்னு உக்காந்துட்டாங்க.’ கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டியைக் கிண்டல் செய்தீர்களானால் அந்தப் பிள்ளை அந்த செமஸ்டரில் மறுபடி வாய் திறக்காது. பாட்டி கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் யோசித்தார். பார்க்காததைப் பாட்டிக்கு யாரும் எடுத்துக் காட்டவில்லை.

அந்தப் பார்க்காததை இப்போது கணக்குப் போடுவோம். பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மரணம். பத்து லட்சம் பேருக்கு ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசியில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 6,000 மரணம், ஒரு நாளைக்கு 16, இரண்டு நாளில் 32. ஊசி ஒன்றுமே செய்யாவிட்டாலும், போட்டுக்கொண்ட இரண்டு நாளுக்குள் 32 குடும்பத்தில் சாவு விழும். அந்த 32 வீட்டிலும் ‘ஊசி போட்டார், போய்ச் சேர்ந்தார்’ என்றுதான் பேசுவார்கள். அப்போது ஊசி போட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் 45 வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்தால் எண் இன்னும் ஏறும். இந்தக் கணக்கை நீங்கள் போடாதீர்கள். ஒரு மாணவரைப் போர்டுக்குக் கூப்பிட்டுப் போடவையுங்கள். 32 வந்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். மரத்தில் எத்தனை பழம், எத்தனை காக்கை என்று எண்ணிப் பார்க்கத்தான் நாம் பழகியதில்லை.

பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நிறுத்தினேன். ஒரு பையன் எழுந்து, ‘அப்போ ஊசி பத்திப் பயப்படறதெல்லாம் மூடநம்பிக்கை, அப்படித்தானே மேடம்?’ என்றான். ஏழிலிருந்து ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டான். அந்தத் தாவலும் தப்புதான்.

அதனால் அடுத்த வாரம் மறுபாதியைச் செய்யுங்கள். நம் கணக்கு, தற்செயலாகவும் இப்படி நடக்கும் என்பதை மட்டும் காட்டுகிறது. ஊசி பாதுகாப்பானது என்று காட்டவில்லை. அதற்கு என்ன வேண்டும்? ஊசி போட்டவர்களிடையே நடக்கும் மரணம், வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிடக் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இறந்தவரின் உடலில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். விவேக் விஷயத்தில் இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த ஆண்டு அக்டோபரில் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்றது. அதே வேளையில் இன்னொரு ஊசி, இங்கே கோவிஷீல்டு என்று போட்டது, மிக அரிதாகச் சிலருக்கு ரத்த உறைவை உண்டாக்கியது உண்மை. ஐரோப்பாவில் 2021-ல் அதைக் கண்டுபிடித்தது எப்படி? இதே கேள்வியைக் கேட்டுத்தான்: எதிர்பார்க்கும் அளவைவிடக் கூடுகிறதா? ஒரே அளவுகோல் ஒரு பயத்தைக் குறைத்தது, இன்னொரு பயத்துக்கு ஆதாரம் தந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் வகுப்பை விடாதீர்கள்.

ஆறாம் வாரம்: போனை எடுக்கச் சொல்லுங்கள்

ஆம், வகுப்பிலேயே. துறைத்தலைவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரவுண்ட்ஸ் வருகிறவர் உங்களைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். முன்பின் தெரியாத இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, லோகோவையும் தோரணையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வேறு ஜன்னல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டைவிட அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பார்கள், அதேதான். ஆழ்ந்து படி, படி என்று சொல்லி வளர்த்த நமக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் நம்பலாமா என்று தெரியும்வரை ஆழ்ந்து படிப்பது நேர விரயம்.

படத்துக்கும் வீடியோவுக்கும் 2023 மார்ச் சம்பவம் போதும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. திருப்பூர், கோவையிலிருந்து தொழிலாளர்கள் பயந்து ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் மறுத்து வீடியோ வெளியிட்டார், பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. பரவியவற்றில் பல, வேறு இடத்தில் வேறு காரணத்துக்காக நடந்தவை. அந்த வீடியோக்களில் ரத்தம் நிஜம்தான், அதன் மேல் ஒட்டிய ஒரு வரி வாசகம்தான் பொய். மாணவர்களுக்கு இது முக்கியம். ‘வீடியோவே இருக்கு மேடம்’ என்பதுதான் அவர்களுடைய கடைசி அஸ்திரம்.

செய்முறை எளிது. வீடியோவில் முகமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடட்டும். முன்பு எப்போது, எந்த ஊர்ப் பெயரோடு வந்திருக்கிறது என்று பார்க்கட்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘உண்மை’ என்று எழுதக் கூடாது, ‘கிடைக்கவில்லை’ என்றுதான் எழுத வேண்டும்.

யூடர்ன், ஆல்ட் நியூஸ், பூம் போன்ற சரிபார்ப்புத் தளங்களையும் காட்டுங்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் தனித்தனிச் சரிபார்ப்புப் பிரிவுகள் உண்டு. அரசைப் பற்றிய செய்தியை அரசே பொய் என்று சொன்னால் பத்துக்கு எத்தனை? மத்திய அரசின் பிரிவுக்குச் சட்ட அதிகாரம் தரும் விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-ல் ரத்து செய்ததையும் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: ‘போலின்னு சிவப்பு முத்திரை மட்டும் குத்தியிருந்தா நாலு மேடம். அரசாணையையோ பில்லையோ கூடவே காட்டியிருந்தா எட்டு.’

பருவமழைக் கணக்கு

இது தனி வாரம் இல்லை, அக்டோபர் தொடங்கினால் டிசம்பர்வரை ஓட்டுங்கள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுத்த ஒவ்வொரு நாளும், உண்மையில் பெய்யும் வாய்ப்பு பத்துக்கு எவ்வளவு என்று மாணவர்கள் எழுதட்டும். மறுநாள் பெய்த அளவைப் பக்கத்தில் எழுதுங்கள்.

சொற்களை முதலில் தெளிவாக்க வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் கனமழை, அதிலிருந்து 20.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. நிறம் என்பது நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறது: மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

இரண்டு சம்பவங்களைக் கொடுங்கள். 2024 அக்டோபர் 16-க்குச் சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். எதிர்பார்த்த பெருமழை அன்று பெய்யவில்லை. ‘ஏமாத்திட்டாங்க’ என்றார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதி கனமழை என்ற சொல்லுக்குக் கீழ்வரம்பு மட்டும்தான் உண்டு, மேல்வரம்பு கிடையாது. 21-ம் 95-ம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். ஒன்றில் எச்சரிக்கை அதிகமாகப் போனது, மற்றதில் மழை எச்சரிக்கையின் சொல்லையே தாண்டிப் போனது. பெய்யவில்லை என்பதால் காரை ஏற்றியது முட்டாள்தனமா? என் வகுப்பில் இந்தக் கேள்வி மட்டும் இரண்டு வாரம் ஓடியது. முடிவு நன்றாக வந்ததா, எடுத்தபோது சரியாக யோசித்து எடுத்தார்களா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. நமக்கும்தான்.

டிசம்பர் கடைசியில் சார்ட்டைக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாணவர் ‘எட்டு’ என்று எழுதிய நாட்களில் ஏறத்தாழ பத்தில் எட்டு நாள் பெய்திருந்தால் அவர் கெட்டிக்காரர். எல்லா நாளும் பெய்திருந்தால் அவர் பயந்த சுபாவம், ஒன்பது பத்து என்று துணிந்து எழுதியிருக்க வேண்டும்.

தேர்தல்

இவ்வளவுக்குப் பிறகு கட்சி அரசியலுக்குள் போகலாம், அதுவும் எண் வழியாக. 2024 ஜூன் 1 மாலை வந்த வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. ஜூன் 4-ல் வந்தது 543-ல் 293. யார் ஜெயித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, வாக்குச் சதவீதத்தை எப்படி இடங்களாக மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் திமுக கூட்டணி வாங்கியது சுமார் 47 சதவீதம் வாக்கு, கிடைத்தது 39-க்கு 39. இந்த ஒரு வரியைப் போட்டால் எந்தக் கட்சிக்காரப் பிள்ளையும் பேனாவை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

மார்க்

மார்க் இல்லாவிட்டால் நான்காம் வாரத்தோடு பயிற்சி செத்துவிடும். இன்டர்னலில் அசைன்மென்ட்டுக்கு உள்ளதை இதற்குக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: ஒரு செய்தி, முதலில் போட்ட எண், தேடியது என்ன, கிடைக்காதது என்ன, இரண்டாவது எண், ஏன் மாறியது அல்லது மாறவில்லை. சரியான விடைக்கு மார்க் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘கிடைக்காதது என்ன’ என்ற பகுதிக்குத்தான் நான் அதிகம் போடுகிறேன். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருகிறவர்கள் அந்தப் பகுதியில்தான் மாட்டுகிறார்கள். எதையும் தேடாதவருக்கு எது கிடைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? இன்னும் சந்தேகம் இருந்தால் இரண்டு நிமிடம் கூப்பிட்டு வாய்வழியாகக் கேளுங்கள்.

வரக்கூடிய தொல்லைகள்

‘நீங்க எந்தக் கட்சி மேடம்?’ நிச்சயம் கேட்பார்கள். எனக்குக் கட்சியே இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ‘கடைசி வகுப்புல நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, ஆதாரத்தோட’ என்று சொல்லிவிடுவேன். ஒரு வருடம் பாதிப் பேர் ஒரு கட்சியும் மீதிப் பேர் எதிர்க்கட்சியும் சொன்னார்கள். அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வகுப்பு வாயே திறக்காவிட்டால் கேள்வி பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘மூன்றாவது பத்தியில் வளைகோடு போட்டீங்களா இல்லையா’ என்று கேளுங்கள். ஆங்கில வழி வகுப்பாக இருந்தாலும் பேச்சு தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டே சந்தேகமும் படு என்றால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை இரண்டு சுமையையும் கீழே போட்டுவிடும்.

யாராவது சாதி, மதம் பற்றி ஒரு சுடுசொல் சொல்லிவிட்டால் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். பத்துக்கு எத்தனை என்ற விளையாட்டு அதற்குப் பொருந்தாது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அடிபட்ட பிள்ளையை அதற்கு முன்னால் கூப்பிட்டுப் பேசுங்கள்.

செய்திகளை வெட்டி ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், மூன்று வருடத்தில் உங்களுக்கென்று ஒரு களஞ்சியம் சேரும். வெட்டும்போது எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு, என்ன தேதி என்பதை ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். என் முதல் கோப்பில் நாற்பது துண்டுகளுக்குத் தேதி கிடையாது. அவற்றை எந்த வகுப்புக்கும் எடுத்துப்போக முடியவில்லை, போன வருட லீவு மெசேஜ் மாதிரியே கிடக்கின்றன.